ஏழாம் நம்பர் மலை

"பஸ் வருமா?" என்று யாராவது கேட்டால் நிலக்ஷி கடை வாசலுக்கு வந்து வானத்தை ஒரு தடவை, தலவாக்கலைப் பக்கத்து வளைவை ஒரு தடவை பார்ப்பாள். பிறகு, "அறுவது பெர்சன்ட் வரும்" என்பாள். வரும் என்றோ வராது என்றோ ஒற்றைச் சொல்லை அவள் வாயிலிருந்து பிடுங்க முடியாது. மழை நாற்பது பெர்சன்ட் பெய்யும். கரண்ட் முப்பது பெர்சன்ட் போகும். போன மாதம் ராகலையிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்களே, என்ன ஆச்சு என்று கேட்டேன். "நாப்பத்தஞ்சு பெர்சன்ட் டீச்சர்" என்றாள். பையன் யோசிக்கிறானா, இவள் யோசிக்கிறாளா, யாருடைய நாற்பத்தைந்து அது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டயகம பஜாரில் மருந்துக்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது அவளுடைய கொமினிகேஷன் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். போட்டோக்கொப்பி, ரீலோட், அடையாள அட்டைக்குப் படம், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம், செத்தவீட்டு நோட்டீஸ் எல்லாம் அந்த ஆறடிக்குள் நடக்கும். நான் இங்கே ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலையின் கொப்பி மெஷின் இரண்டு வருடமாக லீவில் இருப்பதால், தவணைக்கு மூன்று தடவையாவது வினாத்தாள் கட்டோடு அவள் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. எனக்குக் காத்திருக்கத் தெரியாது, அவளுக்கு அவசரப்படத் தெரியாது. முதல் ஆறு மாதம் நாங்கள் சண்டைதான் போட்டோம்.

வயது இருபத்தொன்பது. ஊதினால் பறக்கிற உடம்பு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பாள். மேல் ஸ்வெட்டரின் பொத்தான்கள் எப்போதும் ஒரு ஓட்டை தள்ளியே பூட்டப்பட்டிருக்கும். சொன்னால் குனிந்து பார்த்து, "ஆமால்ல" என்பாள், அவ்வளவுதான். மேசையில் கச்சான் கடலைத் தோல் குவிந்து கிடக்கும். கெம்பஸில் விஞ்ஞானப் பட்டம் வாங்கியவள். ஆசிரியர் நியமனம் எப்போது வரும் என்று ஒருநாள் கேட்டேன். அதற்கு மட்டும் பெர்சன்ட் சொல்லவில்லை. "அதுக்கு டேட்டா இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கச்சானை உடைத்தாள்.

கொப்பி மெஷினுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பால்மாப் பெட்டியின்மேல், ஒரு பழைய லெப்டொப் இருக்கும். அதில் எந்நேரமும் ஏதாவது ஒரு நிறப்படம் தெரியும். ஒருநாள் என் பொறுமை தீர்ந்து, "வேலையை விட்டுட்டு வானிலை பார்த்துக்கிட்டு இருக்கியா?" என்று கத்தினேன்.

"வானில இல்ல டீச்சர். ஓணான் மேப்" என்றாள் அமைதியாக.

பிறகு அவளே விளக்கினாள். "ஒரு பிராணி எங்கெங்க இருக்குன்னு நாலு பேரு பாத்துச் சொல்றாங்க இல்லியா? அந்த எடமெல்லாம் எப்பிடி இருக்கு? குளுரு எவ்வளவு, மழ எவ்வளவு, மரம் எவ்வளவு அடர்த்தி, ஓடை எவ்வளவு தூரம்? எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குக் குடுத்தா, 'ஓஹோ, இவருக்கு இதெல்லாம்தான் புடிக்குது'ன்னு அது புரிஞ்சுக்கும். பெறகு யாருமே போய்ப் பாக்காத எடத்தையும் பாத்து, இங்க இவ்வளவு பொருத்தம்னு சொல்லும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கிறோமே, அதேதான். மழப் பொருத்தம், குளுருப் பொருத்தம், நெழல் பொருத்தம்."

"பொருத்தம் சரியா இருந்தா மாப்பிள்ளை அங்கே இருப்பாரா?"

"இருக்கலாம். போய்ப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குத்தானே பெர்சன்ட் சொல்றேன்."

ஓர் உயிரினம் எங்கெல்லாம் பரவி வாழக்கூடும் என்று கணிக்கும் இந்த வேலைக்குப் புத்தகங்களில் நீளமான பெயர் இருக்கிறது. பஜாரில் அதற்குப் பெயர் ஓணான் சாதகம்.

சாதகத்துக்கு உரியவர் கொம்பன். ஒரு சாண் நீளம், அதில் பாதி வால். மூக்கின் நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு. இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஓட மாட்டார், பாய மாட்டார், மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு பிரமை பிடித்ததுபோல நிற்பார். இரண்டு வருடமாக அவருடைய பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கும் நிலக்ஷி, அவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. கடையை யார் பார்ப்பது?

கடையே அவளுக்குக் காடு. ரீலோட் போடும் மேசையில் சணல் கட்டி ஒரு நோட்டுக் கொப்பி தொங்கவிட்டிருந்தாள். போன் நம்பரைச் சொல்வதற்கு முன்னால் எவரானாலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: "கொம்பனப் பாத்தீங்களா?" பார்த்தவர்கள் திகதி, இடம், எதன்மேல் நின்றது என்று கொப்பியில் எழுத வேண்டும். கொழுந்து பறிக்கிற பெண்களைவிட இதற்குத் தோதான ஆட்கள் யார் இருக்கிறார்கள்? விடிந்தால் பொழுது போனால் செடியோடும் காட்டோரத்தோடும்தான் அவர்கள் கண். அவர்களில் முதலிடம் இசபெல் அக்காவுக்கு. தோட்டத்து மேல் பிரிவான மேற்கணக்கில் இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து பறிப்பவர், நாற்பத்தைந்து வயது, பேச ஆரம்பித்தால் பஸ் போய்விடும். கொப்பியின் நாற்பத்து மூன்று பதிவுகளில் பதினொன்று அவருடையது. "ஏழாம் நம்பர் மலை, காட்டோரம், மூணாவது நெர, பட்ட மரத்துல" என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவையும் போடுவார், சத்தியமாகப் பார்த்தேன் என்பதற்கு.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த வருடம் தை மாதம் வரைக்கும்.

நிலக்ஷி குடியிருக்கும் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, கொஞ்சம் மேலே, பாறையிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் விழுகிறது. நாங்கள் பீலி என்போம். ஐம்பத்திரண்டு குடும்பங்கள் குடிப்பதும் குளிப்பதும் அந்தத் தண்ணீரில்தான். பீலிக்கு மேலே ஏழு ஏக்கர் காடு. பீலிக்காடு. தையில் ஒருநாள் தோட்டத்து ஆட்கள் வந்து அந்தக் காட்டு மரங்களுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். மரங்களை வெட்டித் தொழிற்சாலைக்கு விறகு, வெறும் நிலத்தில் டர்பன்டைன் மரக்கன்று. காடு போனால் பீலி என்ன ஆகும் என்று லயத்துச் சனம் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போய்க் கேட்டது. தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. துரையும் கெட்டவர் அல்ல. "அந்தக் காட்டில் முக்கியமான உயிர் ஏதாவது இருக்கிறதென்று படித்தவர்கள் நேரில் பார்த்து எழுதித் தரட்டும். நிறுத்துகிறேன். தேயிலைக்குச் சான்றிதழ் கொடுக்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு நானும்தானே பதில் சொல்ல வேண்டும்? சித்திரை வருடப்பிறப்பு வரைக்கும் பொறுக்கிறேன்" என்றார்.

நிலக்ஷி தன் பழைய பேராசிரியைக்கு எழுதினாள். கொம்பனைப் புது இடங்களில் தேட அந்த அம்மாவிடம் இருந்தது ஒரேயொரு வேன், வருடப்பிறப்புக்கு முன்னால் ஒரேயொரு நாள். வேன் எங்கே போவது என்பதைப் படம்தான் தீர்மானிக்கும். நிலக்ஷியின் கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். கெம்பஸில் அதை வைத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். எங்கே சிவப்பாக வருகிறதோ அங்கே வேன்.

"பீலிக்காட்டுல கொம்பன யாராவது பார்த்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் உள்ளயே போறதில்ல டீச்சர். அவ்வளவு அட்டக்கடி. கொப்பியில ஒரு வரி கூட இல்ல."

"அப்புறம்?"

"அதான் பொருத்தம் பாக்கணும்னு சொல்றேன். ஏம் மனசு எழுவது பெர்சன்ட் சொல்லுது. ஆனா மனச நம்பி யாரு வேன் அனுப்புவா?"

பங்குனியில் படம் வந்தது. தரம் ஒன்பதுக்கான வினாத்தாளோடு நான் அப்போது கடையில் நின்றேன். லெப்டொப்பில் அது மெல்ல மெல்லத் திறந்தது. கிரிகல்பொத்தை மலையின் உச்சி சிவப்பு. அதைச் சுற்றியுள்ள நாலைந்து சிகரங்கள் சிவப்பு. கீழே தேயிலை, ஓடை, பீலிக்காடு எல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தன. உச்சிக் குளிரிலும் காற்றிலும் மட்டுமே வாழ்பவர் கொம்பன் என்று படம் சொன்னது. நிலக்ஷி ஒரு கச்சானை எடுத்துத் தோலோடு மென்றாள். எனக்குக் கடன்காரப் படமே என்று திட்டத் தோன்றியது.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். சிகரத்தின்மேல் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. ஒரு புள்ளியில் விரலை வைத்து, அதனடியில் இருந்த பெயரைப் படித்தவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், இசபெல் அக்காவுக்கு முழங்கால் வலி."

"அதுக்கு இப்ப என்ன?"

"லயத்துப் படி ஏறவே ரெண்டு தடவ ஒக்காருறாங்க. அவங்க எப்ப கிரிகல்பொத்த உச்சிக்குப் போய் கொம்பனப் பாத்தாங்க?"

உடனே கெம்பஸுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் எடுத்தவன் தர்ஷன், கொப்பியைப் படத்தில் ஏற்றிய மாணவன், மட்டக்களப்புப் பிள்ளை. எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள்.

"தம்பி, எங்க ஆளுங்களோட புள்ளியெல்லாம் ஏன் உச்சியில வச்சிருக்கீங்க?"

"நீங்கதானேக்கா எழுதி அனுப்பினீங்க? ஏழாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை எண்டு. மலை எண்டால் மலைதானே? சர்வே மேப்பில தேடினன், நம்பர் ஒண்டும் காணேல்ல. மறுகா, கிட்ட இருக்கிற மலையாப் பாத்து உச்சியில போட்டன்."

 நிலக்ஷி சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ரீலோட் போட வந்து நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் மலை என்றால், நம்பர் போட்டுப் பிரித்த தேயிலை நிலத்தில் ஒரு துண்டு. "மலைக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். அது உயரமாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. எங்கள் ஐந்தாம் நம்பர் மலை பள்ளத்துக்குள் கிடக்கிறது, அந்த மலைக்கு இறங்கித்தான் போக வேண்டும். இதைக் கேட்ட தர்ஷன் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டது எங்களுக்குக் கேட்டது.

"எங்கட ஊரில மலையே இல்லக்கா. கடல்தான்."

"கடலுக்கு நம்பர் போடுவீங்களா?"

"இல்ல."

"குடுத்து வச்சவங்க."

போனை வைத்த பிறகு அவள் முகம் மாறியது. "தப்பு ஏம் மேலதான் டீச்சர். மலைன்னா என்னன்னு தெரியாத தமிழாளு ஒலகத்துல இருப்பாங்கன்னு நான் நெனச்சே பாக்கல" என்றாள். இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிற எனக்கு மட்டும் உறைத்ததாக்கும்? கொப்பியை நானும்தான் புரட்டியிருக்கிறேன். நாணிக்கொண்டு வினாத்தாளை எடுத்து விசிறிக்கொண்டேன், அந்தக் குளிரில்.

நாற்பத்து மூன்று பதிவையும் உச்சியிலிருந்து இறக்கி, அந்தந்த மலையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்கு எந்த நம்பர் மலை எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டும். தோட்டத்து வரைபடம் ஆபீசில் இருந்தது. ஆபீசில் கிளாக்கர் கணேசமூர்த்தி இருந்தார். "துரை கொழும்புக்குப் போயிருக்கிறார், அவர் வராமல் ஒரு துண்டுக் கடதாசியும் வெளியே போகாது" என்று அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னாராம். பேராசிரியை கொடுத்திருந்த தவணை ஒரு கிழமை.

இசபெல் அக்காதான் வழி சொன்னார். "மேப்பு எதுக்குடி ஒனக்கு? நாங்க நிக்கிற எடந்தானே மலை. நின்னுக்கிட்டே அனுப்புறோம், நீ புள்ளி வச்சுக்க."

அந்தக் கிழமை முழுக்க நிலக்ஷியின் போன் ஓயவில்லை. எந்த மலையில் வேலையோ அங்கே போய் நின்று பெண்கள் தங்கள் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எழுதச் சோம்பல்பட்டு, குரலையும் சேர்த்து அனுப்பினார்கள். "இது பன்னெண்டாம் நம்பர் மல. காட்டோரம். நான் நிக்கிறேன், ஏங் கால்ல அட்டையும் நிக்குது, அதையும் எழுதிக்க" என்று ஒரு குரல். "இது ஏழு. கங்காணி பாக்கிறாரு, நான் போன் பேசல, சாமி கும்பிடுறேன்" என்று கிசுகிசுப்பாய் இன்னொரு குரல். வேலாயி என்ற பெண் அனுப்பிய பத்தாம் நம்பர் மலை பக்கத்து ரொட்டிக்கடைக்குள் விழுந்தது. நிலக்ஷி எட்டிப் பார்த்தாள். வேலாயி அங்கே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"மலையில சிக்னல் கெடைக்கல புள்ள. அதான் இங்க வந்து அனுப்புனேன்."

"அக்கா, அப்ப கொம்பன் ரொட்டிக்கடையில இருக்காருன்னு ஆயிருமே!"

"இருந்தா இருக்கட்டுமே. அவருக்கும் பசிக்காதா?"

மறுநாள் வேலாயி பத்தாம் நம்பருக்குப் போய், ஒரு பாறைமேல் ஏறிச் சிக்னல் பிடித்து, மறுபடி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பொருத்தம் பார்த்தாள். கெம்பஸுக்கு அனுப்பிக் காத்திருக்கப் பொறுமை இல்லை, தன் லெப்டொப்பிலேயே ஓட்டினாள். அவளுக்கும் அவசரப்படத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். சிக்கல் என்னவென்றால், அந்த லெப்டொப்புக்கு பெட்டரி செத்து வருடக்கணக்கு. கொப்பி மெஷினும் அதுவும் ஒன்றாக ஓடினால் கடையின் கரண்ட் டப்பென்று விழுந்துவிடும். ஆகவே கொப்பி மெஷினை நிறுத்தினாள். நானும் இன்னும் பத்துப் பேரும் வாசலில் நின்றோம். இரண்டு மணி நேரம்! என் பிள்ளைகளின் பரீட்சை ஒரு ஓணானுக்காகக் காத்திருந்தது. நான் நன்றாகவே கத்தினேன். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே போய் அவளோடு சேர்ந்து திரையை முறைத்தேன்.

நிறம் மேலேயிருந்து கீழே வழிந்தது. உச்சிகள் வெளுத்தன. ஓடைகளின் ஓரம் சிவக்கத் தொடங்கியது. கடைசியாகப் பீலிக்காடு பளிச்சென்று சிவந்தது. அவள் அதன்மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தாள். எண்பத்தொன்று.

"நம்ம பீலிக்காடு செவப்பு!" என்று துள்ளினாள். குரல் வாசல் வரை போய்விட்டது. அங்கே நின்ற அழகன் என்ற கொத்தனாருக்கு முகம் இருண்டுவிட்டது. "செவப்பா? எப்ப எழும்பணும்? எத்தன லயம்?" என்று பதறினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பக்கத்தில் சிவப்புப் படம் என்றால் மண்சரிவு, சாமானைக் கட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போய்ப் படுக்க வேண்டும். நாலு பேர் அதற்குள் வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள். நிலக்ஷி கைகூப்பிக் கெஞ்சி விளக்கினாள். விளக்கி முடித்த கையோடு சிவப்பையெல்லாம் பச்சையாக மாற்றினாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் படத்திலும் சிவப்புப் பாவிப்பதில்லை.

அந்தப் படத்தைக் கெம்பஸில் சரிபார்த்து, ஏப்ரல் முதல் கிழமை வேனைப் பீலிக்காட்டுக்கே அனுப்பினார்கள். கடைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: "இன்று கடை திறக்கும் சாத்தியம் 5%." நான் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அட்டைக்கடிக்குப் பயந்து காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு கூடவே போனேன். பேராசிரியை, தர்ஷன், இன்னும் இரண்டு மாணவர்கள். போகிற வழியில் நிலக்ஷி தர்ஷனை நிறுத்தி, தட்டையாகப் பரந்து கிடந்த ஒரு தேயிலைத் துண்டைக் காட்டினாள். "நல்லாப் பாத்துக்கங்க தம்பி. இதுதான் ஏழாம் நம்பர் மல." பையன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பீலிக்காட்டுக்குள் ஒன்பது மணிக்கு நுழைந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. சவர்க்காரத்தை அட்டைகள் மதிக்கவில்லை. ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தோம். மரத்துக்கு மரம் வெள்ளை நம்பர். பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பது. பத்து மணிக்கு நிலக்ஷி, "எண்பத்தொன்னு" என்றாள். பதினொன்றரைக்கு, "தேடிக் கெடைக்கலன்னா கொறைக்கணும் டீச்சர், அதான் மொற. அறுவது" என்றாள். ஒரு மணிக்கு முப்பத்தைந்து. இரண்டு மணிக்கு நான் கேட்டபோது குனிந்து காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்தாள். மூன்று மணிக்கு வேன் திரும்ப வேண்டும், மறுபடி வரும் நாள் கிடையாது. பேராசிரியை கடிகாரத்தைப் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இவ்வளவு தூரம் வந்து, ஒரு பல்லிக்குப் பிறந்தவன் முகம் காட்ட மாட்டேன் என்கிறானே!

அப்போதுதான் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு இசபெல் அக்கா வந்தார். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, முதுகில் வெறுங்கூடை, முழங்காலைப் பிடித்தபடி. எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் எல்லாரும் வானத்தப் பாக்கிறீங்க? ரொக்கட் வருதா?"

பிறகு பேசாமல் நடந்தார். கொழுந்து பறிக்கிற கண் இடுப்பு உயரத்திலேயே போகும். ஒரு மரம், இரண்டு மரம், மூன்று மரம். பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

"இந்தா நிக்கிறாரு."

நாங்கள் காலையிலிருந்து நாலு தடவை கடந்துபோன மரம். இடுப்பு உயரத்தில், பட்டையோடு பட்டையாக, மூக்கில் வெள்ளைக் கொம்போடு நின்றார். மரத்தில் எழுதியிருந்த நம்பர் நாற்பத்தொன்று. அந்த நாலின்மேல் முன்னங்காலை ஊன்றியிருந்தார். பேராசிரியை முழந்தாளிட்டு உட்கார்ந்தார். "ஹரிம லஸ்ஸனய்" என்றார் மெதுவாக. ரொம்ப அழகு என்று சிங்களத்தில் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. கொம்பும் வெட்டு நம்பரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி தர்ஷன் படமெடுத்தான்.

நிலக்ஷி கிட்டே வரவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளியே நின்றாள்.

"இவ்வளவு சின்னவரா டீச்சர்?" என்றாள் கடைசியில். "மேப்புல எவ்வளவு பெருசாத் தெரிஞ்சாரு!"

சொல்லிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். இசபெல் அக்கா அவளை இழுத்துக் கூடையோடு அணைத்துக்கொண்டார். நானும் அழுதேன். யாராவது பார்த்தால் அட்டை கடித்துவிட்டது என்று சொல்லலாம் என்று காலைத் தடவிக்கொண்டேன். பார்க்க ஆளில்லை, எல்லோரும் கொம்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குள் இன்னும் இரண்டு பேரைக் கண்டுபிடித்தார் இசபெல் அக்கா.

பேராசிரியையின் கடிதம் படத்தோடு பங்களாவுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாலு நாள் போயிற்று, ஐந்து நாள் போயிற்று. வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் இருந்தது. மரம் வெட்டுகிற ஆட்களின் லொறி தலவாக்கலையில் நிற்பதாக யாரோ சொன்னார்கள். நிலக்ஷி கடையைத் திறந்தாள், கொப்பி எடுத்தாள், ரீலோட் போட்டாள். எதைக் கேட்டாலும், "தெரியாது" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அன்று பின்னேரம் நாலு மணி இருக்கும், நான் கடையில் நின்றேன். கிளாக்கர் கணேசமூர்த்தி குடையை வாசலில் உதறிவிட்டு, ஒரு பைலை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தார். ஆபீஸ் மெஷினில் மை தீர்ந்துவிட்டதாம்.

"ரெண்டு கொப்பி. ஒன்னு மரம் வெட்டுற கொந்தராத்துக்காரருக்கு, ஒன்னு ஆபீசுக்கு" என்றார். கடதாசியைக் குப்புறப் பிடித்துக் கொடுத்தார். "நான் ஒன்னும் காட்டல. நீங்க ஒன்னும் பாக்கல."

மெஷினில் வைக்கிறவளுக்குத் தெரியாமல் கொப்பி எடுக்க முடியுமா? நிலக்ஷி மூடியைத் திறந்தாள். கண் ஒரே ஒரு தரம் மேலிருந்து கீழே போனது. நான் எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நாலே வரி, கீழே துரையின் கையெழுத்து. பீலிக்கு மேலேயுள்ள ஏழு ஏக்கரில் எந்த மரத்தையும் தொட வேண்டாம், நம்பர்களை அழித்துவிடவும்.

அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடதாசியை நேராக்கி வைத்தாள், மூடினாள், பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் போய் வந்தது. முதல் தாள் வந்தது. இரண்டாவது வந்தது. இரண்டையும் மூலத்தோடு சேர்த்து, ஓரம் தட்டி, பணிவாக நீட்டினாள். கிளாக்கர் எண்ணிப் பார்த்தார்.

"சரியா ரெண்டுதானே?"

"ரெண்டேதான் சேர்."

அவர் குடையை விரித்துப் படியிறங்கினார். அவருடைய முதுகு ரொட்டிக்கடையைத் தாண்டியபோது, மெஷின் இன்னொரு தடவை உறுமி மூன்றாவது தாளை வெளியே தள்ளியது. நிலக்ஷி அதை எடுத்தாள். படிக்கவில்லை. இன்னும் சூடு ஆறாத அந்தத் தாளைத் தன் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி அப்படியே நின்றாள்.